ஸ்ரீபெரும்புதூர்ப் பாம்பு

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் முன்னோர்க்கு உடையவர் அவதரித்த தலம் என்ற நினைவே முதலில் எழும். 1991ஆம் வருஷம் மே மாதம் 21ஆம் தேதி இரவிற்குப் பின் அப்பெயர் தேசம் முழுவதற்கும் ஒரு பெருந்துயரத்தை நினைவூட்டுவதாயிற்று. இவ்விரண்டும் யாவரும் அறிந்தவை. மூன்றாவதாக அவ்வூர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு நினைவும் உண்டு. அதைச் சொன்னால் நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். தேச விவகாரங்களை எழுத வேண்டிய பத்தியில் சிறுவர் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வேறு சிலர் முனியவும் கூடும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். இன்று முப்பதும் நாற்பதும் பிராயமுள்ள நம் நாட்டார் லக்ஷக்கணக்கானோர், அக்காளோடும் தம்பியோடும் அடுத்த வீட்டுத் தோழரோடும் ஒரு சிறு நோக்கியா செல்லைச் சுற்றி உட்கார்ந்து ‘பாம்பு’ ஆடியவர்கள். அந்தச் செல்களிற் பல கோடி ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்களும் பிள்ளைகளும் தம் கைப்படச் செய்தவை.

பழைய வீடியோ விளையாட்டுகளை எண்ணி ஏங்குவது இப்பொழுது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாண வீட்டிலும் ரயில் பிரயாணத்திலும் ஒத்த வயதினர் இருவர் கூடினால் பேச்சு எப்படியோ அங்கே வந்து நிற்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய பெட்டியைத்தான் முதலில் நினைப்பார்கள். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனியார் 1983இல் விற்பனைக்கு விட்ட யந்திரம் அது. நம் தேசத்துக்கு அசல் வந்தது குறைவு. அதைப் பார்த்துச் செய்த நகல்களே கப்பலேறி வந்தன. சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் பேரம் பேசி வாங்கினார்கள். கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். பொறுமையாக எண்ணிப் பார்த்தவனுக்குச் சில பத்துத் தேறினால் அதிகம், மற்றவையெல்லாம் அவற்றின் மறு பெயர்களே. கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவது சகல ஜாதியாரும் சகல மதத்தாரும் பேதமின்றிக் கைக்கொண்ட ஒரே வைத்தியம். அப்படி ஊதினால் ஈரம் பட்டு உலோக முனைகள் கெடும் என்று அக்கம்பெனியாரே பிற்காலத்தில் எச்சரித்தார்கள். அதற்குள் நாம் ஊத வேண்டியதையெல்லாம் ஊதி முடித்துவிட்டோம். மாரியோ தனியாக ஓடினான். காண்ட்ராவில் இருவர் சேர்ந்து நின்று சுட வேண்டும். அதன் அருவிக் கட்டத்தில் அண்ணன் அவசரப்பட்டு மேலே ஏறிவிட்டால், கீழே நின்ற தம்பி திரைக்கு வெளியே தள்ளப்பட்டு மாண்டுபோவான். அதற்காக வீட்டில் நிஜமாகவே அடி விழும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குத் தொலைக்காட்சி வேண்டும், மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் நட்பாவது வேண்டும். இல்லையேல் கடையில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆட வேண்டும். பாம்பு அப்படியன்று. அது வீடு தேடித் தானாக வந்தது.

பாம்பின் பூர்விகத்தைச் சிறிது சொல்லுவோம். 1976இல் அமெரிக்காவில் கிரெம்லின் என்ற கம்பெனியார், காசு போட்டு ஆடும் யந்திரத்தில் ‘பிளாக்கேட்’ என்ற பெயரால் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். வளர்ந்துகொண்டே போகும் கோடு தன்மீதோ சுவர்மீதோ முட்டாமல் தப்ப வேண்டும் என்பதே அதன் விதி. அது பல வேஷங்கள் பூண்டு இருபது வருஷம் அலைந்தபின், 1997இல் பின்லாந்து தேசத்தில் நோக்கியாவின் பொறியாளர் டனேலி அர்மன்டோ என்பவர் 6110 என்ற மாதிரிச் செல்லுக்காக அதைப் பாம்பாக எழுதினார். அந்தத் திரை அகலத்தில் 84 புள்ளி, உயரத்தில் 48 புள்ளி. அவ்வளவுதான் பாம்புக்கு வாய்த்த உலகம். 2, 4, 6, 8 ஆகிய நான்கு விசைகளால் அதைத் திருப்பலாம். இரை தின்னத் தின்ன வால் நீளும். வால் நீள நீள இடம் குறையும். வேகத்தைக் கூட்டி வைத்தால் ஒவ்வோர் இரைக்கும் புள்ளியும் கூடும். படிப்பில்லாதவனுக்கும் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். இருவர் தத்தம் செல்லை எதிரெதிரே நீட்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் இணைத்துச் சேர்ந்தாடும் வசதியும் அந்த முதற் பாம்பிலேயே இருந்தது. நம் ஊர்களில் அதைக் கண்டவர் அரிது. ஒரே தெருவில் இரண்டு செல் இருந்தால்தானே!

நம் தேசத்தில் முதல் கைபேசிப் பேச்சு 1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த மந்திரி சுக்ராமோடு பேசியது. அக்காலத்தில் ஒரு நிமிஷப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பிறர் நம்மை அழைத்தாலும் நாமே பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003 மே மாதத்தில்தான் அந்தக் கொடுமை நீங்கிற்று. ஆகவே செல் வாங்கிய குடும்பங்களில் பேசுவதற்குப் பயந்தார்கள். ‘மிஸ்டு கால்’ என்ற சாஸ்திரத்தைப் பாரத ஜனங்கள் கண்டுபிடித்துக்கொண்டது இந்தப் பயத்தினாலேயே. பேச்சுக்குக் காசு, பாம்புக்குக் காசில்லை. அந்தச் சிறு கருவியில் இலவசமாகக் கிடைத்த இன்பம் அது ஒன்றே என்று சொன்னாலும் தகும்.

நம் இல்லத்திலும் ஒன்று இருந்தது. தந்தையாருடையது, உச்சியில் ஒரு டார்ச் விளக்குள்ளது. மாலை ஏழு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நம் தம்பி சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துவிடுவான். பிறகு வரிசை. பாம்பு செத்தால் அடுத்தவர்க்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நம் தமக்கையார் இவ்விஷயத்தில் கைதேர்ந்தவர். நடுவில் துள்ளாமல் ஓரத்தோடு ஓரமாகச் சுற்றி, உழவன் சால் பிடிப்பதுபோல் வரிசை வரிசையாகத் திரையை நிரப்புவார். அவர் கைக்குப் போனால் அரை மணிக்கு வராது. “அக்கா, வேண்டுமென்றே மெதுவாக ஆடுகிறாய்!” என்று தம்பி அழுவான். “செத்தால்தானே தருவேன்” என்பார் தமக்கையார். பாட்டரி தீர்ந்துபோனால் நாளை எப்படிப் பேசுவது என்று கோபித்துக்கொண்டே வரும் தந்தையார், தோளுக்குப் பின்னால் ஒரு கணம் நின்று பார்த்து, “இடப் பக்கம் திருப்பு அம்மா, இடப் பக்கம்!” என்று தாமும் கூவுவார்.

2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் விளக்கில்லாத நாட்களும் இருந்தன. தொலைக்காட்சியோடு கூடிய விளையாட்டுப் பெட்டிகள் அப்பொழுது பிணமாகக் கிடந்தன. மாடியில் பாய் விரித்து, கொசுவுக்கு வேப்பிலை புகைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர, ஆறு தலைகள் ஒரு சிறு பச்சை வெளிச்சத்தின்மேல் கவிழ்ந்திருக்கும். ஆடுபவன் ஒருவன், பார்ப்பவர் ஐவர். அந்த ஐவரும் சும்மா இருப்பார்களா? ஒருவன் எச்சரிப்பான், ஒருவன் ஏசுவான், ஒருவன் சாகட்டும் என்று வாய்விட்டு வேண்டுவான். நாம் ஏங்குவது பாம்புக்கா, அந்த ஐவருக்கா என்று கேட்டால், விடை நேயர்களுக்கே தெரியும். இன்று அந்த அறுவரிடமும் ஆளுக்கொரு செல் இருக்கிறது. ஒவ்வொன்றும் அந்நாளைய பெருங்கணினிகள் பலவற்றை விழுங்கவல்லது. ஆறு திரையையும் ஆறு பேர் தனித்தனியே பார்க்கிறார்கள்.

முதுமை எட்டிப் பார்க்கும்போது இளமைக் காலமே பொற்காலம் என்று பேசுவது மனித சுபாவந்தானே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். மெய்தான். பாம்பு ஆடினால் கண் கெடும், படிப்புக் கெடும் என்று நம்மைத் திட்டிய பெரியோர்கள், தாங்கள் கோலி ஆடிய காலமே புண்ணிய காலம் என்றார்கள். அவர்களை அவர்களுடைய பெரியோர்கள் என்ன சொன்னார்களோ! இவ்வகை ஏக்கத்தில் பாதி பொய் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத வந்தோம். அந்தப் பாதியில் ஓர் ஆலை இருக்கிறது. விளையாட்டை நினைக்கிறவர்கள் அந்த ஆலையை நினைப்பதில்லை.

செல்லின் முதுகைக் கழற்றி, பாட்டரியை எடுத்தால், அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். முதலில் வந்தவற்றில் பின்லாந்து என்றும், ஹங்கேரி என்றும், சீனம் என்றும் இருந்தது. 2006க்குப் பின் வந்தவற்றில், ‘மேட் இன் இந்தியா’ என்ற மூன்று சொற்கள் வரலாயின. சிறுவர்களாகிய நாம் அதைப் பார்த்து அடைந்த கர்வத்தை இப்பொழுது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தம்பி பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டுவதற்காகவே ஒரு நாள் செல்லைத் திருடிக்கொண்டு போனான்.

தமிழ்நாடு சர்க்காருக்கும் நோக்கியா கம்பெனிக்கும் 2005 ஏப்ரலில் ஒப்பந்தமாயிற்று. சிப்காட் தொழிற்பேட்டையில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், வரிச் சலுகைகள், விசேஷ பொருளாதார மண்டலம் என்ற அந்தஸ்து எல்லாம் கொடுக்கப்பட்டன. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிற்று. அதற்கு முன்னரே 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், டைம்லர், ராயல் என்பீல்டு என்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் வரிசையாய் எழுந்தன. ஏரிப் பாசனமும் நெல்லுமாய் இருந்த நாடு பத்துப் பதினைந்து வருஷத்தில் தகரக் கூரையும் கம்பி வேலியுமாக மாறிற்று. அவற்றுள் நோக்கியா ஆலைக்கு ஒரு தனித் தன்மை உண்டு. கார் ஆலையில் ஆண்கள் மிகுதி. இந்த ஆலையிலோ பெண்களே மிகுதி. அதுவும் பள்ளி முடித்து நேரே வந்த, இருபது வயதை ஒட்டிய பெண்கள். காஞ்சீபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் விடிவதற்குமுன் வந்து இறங்கினார்கள். ஆலை செழித்த காலத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை இருந்தது. உதிரி பாகம் செய்து கொடுத்த கம்பெனிகளிலும் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். நோக்கியாவுக்கு உலகெங்கும் இருந்த ஆலைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது விளங்கிற்று. விலை குறைந்த எளிய செல்களே அங்கே பெரும்பாலும் உற்பத்தியாயின. அதாவது, நம் மாடியில் பாய்மேல் கிடந்த ரகம்.

அந்தப் பெண்களுக்கு அப்பொழுது என்ன வயது? 2006இல் பத்தொன்பது என்றால் இன்று முப்பத்தொன்பது. பாம்பை நினைத்து ஏங்குகிறவர்களுக்கும் இன்று அதே வயதுதான். செய்தவரும் ஆடியவரும் ஒரே தலைமுறை. பல குடும்பங்களில் ஒரே வீட்டார். அக்காள் பஸ் ஏறி ஆலைக்குப் போனாள். அவள் அனுப்பிய சம்பளத்தில் வாங்கிய செல்லில் தம்பி பாம்பு ஆடினான். இந்த உறவைப் பற்றி யாரும் எழுதியதாகக் காணோம். ஏக்கக் கட்டுரைகளில் விளையாட்டின் பெயர் வரும், கம்பெனியின் பெயர் வரும், பின்லாந்துப் பொறியாளரின் பெயரும் வரும், அக்காளைக் காணோம்.

பாம்பு செல்லுக்குள் எப்படிப் புகுந்தது என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும். ஆலையில் பச்சைப் பலகைமேல் யந்திரம் நுண்ணிய உறுப்புகளைப் பதிக்கிறது. உலையில் ஈயம் உருகி அவற்றைப் பிணைக்கிறது. பிறகு திரையும் விசையும் மேலுறையும் சேர்கின்றன. ஒவ்வொரு செல்லும் பேசுகிறதா, ஒலிக்கிறதா, ஒளிர்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. இவ்வளவும் உடம்பு. இதற்கு உயிராகிய மென்பொருளை ஒவ்வொரு செல்லிலும் ஏற்ற வேண்டும். கடிகாரமும், பெயர்ப் பட்டியலும், பாம்பும் எல்லாம் அந்த மென்பொருளில் அடக்கம். அது பின்லாந்திலிருந்த தாய்க் கம்பெனியின் சொத்து. உடம்பு நம் கையால் ஆயிற்று. உயிர் விலைக்கு வந்தது.

அந்த உயிரின் விலையே பிறகு வம்பாயிற்று என்பதைச் சொன்னால் நேயர்கள் வியப்பார்கள். 2013 ஜனவரியில் வருமான வரி அதிகாரிகள் ஆலைக்குள் சோதனையிட்டார்கள். செல்களில் ஏற்றிய மென்பொருளுக்காக இந்தியக் கம்பெனி பின்லாந்துக்கு அனுப்பிய பணம் உரிமைத் தொகையேயாகும், அதிலிருந்து வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போயிற்று. கம்பெனி மறுத்தது, வழக்கு டில்லி ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஏறிற்று. இதற்கிடையே ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய செல்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று தமிழ்நாடு சர்க்காரும் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. அதையும் கம்பெனி மறுத்தது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோஸாப்ட் வாங்கிய விற்பனை 2014 ஏப்ரலில் முடிந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வழக்கில் சிக்கி வெளியே நின்றுவிட்டது. வாங்கியவர் கொஞ்ச காலம் அங்கே செல் செய்வித்து, பிறகு ஒப்பந்தத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு தாமாக விலகும்படி ஆயிற்று. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி அறவே நின்றது.

வரித் தகராறே ஆலையைக் கொன்றது என்று ஒரு கட்சியார் சொல்லுகிறார்கள். அது முழு உண்மையன்று. 2007இல் ஐபோனும் அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு செல்களும் வந்தபின் விசை வைத்த எளிய செல்லுக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் போகும் நகரத்து நோக்கியா ஆலை 2008இல் மூடப்பட்டது. கூலி மலிவென்று அதற்குப் பதிலாக ருமேனியாவில் குளூஜ் அருகே திறந்த ஆலையும் 2011இல் மூடப்பட்டது. தாய்நாடாகிய பின்லாந்தில் சாலோ ஆலையின் உற்பத்தியும் 2012இல் நின்றது. அங்கெல்லாம் இந்த வரி வழக்கு இல்லை. மலிவைத் தேடி வந்த மூலதனம் மலிவைத் தேடியே போகும். சர்க்காரும் நியாயமான வரியைக் கேட்கக் கூடாது என்று தேசாபிமானி எவனும் சொல்லமாட்டான். நாம் கேட்பது ஒன்றே: 2018இல் இரு தேசத்துச் சர்க்கார்களும் கலந்து பேசி வருமான வரித் தகராறைத் தீர்த்துக்கொண்டன. அந்தப் பேச்சை 2013இல் பேசியிருக்கக் கூடாதா? கம்பெனிக்கும் சர்க்காருக்கும் காத்திருக்க நேரம் இருந்தது. இருபத்தைந்து வயதில் வேலை இழந்து, ‘இந்த அநுபவத்துக்கு வேறெங்கும் வேலை இல்லை’ என்று கேட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அது இல்லை.

ஏக்கத்தைக் காசாக்கத் தெரிந்தவர்களோ காத்திருக்கவில்லை. நோக்கியா என்ற பெயரை வாடகைக்கு எடுத்த ஹெச்.எம்.டி. என்ற கம்பெனியார் 2017இல் பழைய 3310 செல்லைப் புது வர்ணம் பூசி, உள்ளே பாம்பையும் வைத்து மறுபடி விற்றார்கள். நம் பால்யத்தை நமக்கே விலைக்குக் கொடுத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். 2000ஆம் வருஷத்து அசல் 3310இல் பாம்போடு இன்னொரு விளையாட்டும் இருந்தது. அதன் பெயர் பான்டுமி. குழிகளில் காய்களைப் பகிர்ந்து, எதிரியின் குழியைக் கவர்வது. ஆப்பிரிக்காவில் வழங்கும் மன்கலா என்னும் வகையின் வார்ப்பு அது. நம் பாட்டிமார் சோழியும் புளியங்கொட்டையும் இட்டு ஆடிய பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. அதை ஆடிய தமிழ்ப் பிள்ளைகளிற் பலர் அது தம் வீட்டுப் பரண்மேல் மரப்பலகையாய்க் கிடப்பதை அறியவில்லை. அறிந்த நம் தமக்கையார் அதைத் தொடவே இல்லை. பாட்டியோடு ஆடித் தோற்றது போதும் என்றார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம், பரமபதம் என்று இத்தனை ஆட்டங்களை வைத்திருந்த நாடு, கோடிக்கணக்கில் செல் செய்து தள்ளிய நாடு, தன் ஆட்டம் ஒன்றையாவது அந்தச் செல்லுக்குள் வைத்து உலகத்துக்கு அனுப்பியதா? பின்லாந்தின் ஜனத்தொகை நம் ராஜ்யத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் ஒரு பாம்பை எழுதினார்கள். நாம் அதைப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தோம்.

இது கடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று அதே நெடுஞ்சாலையில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் உற்பத்தியாகிறது. அங்கும் பெண்களே மிகுதி. அங்கும் இருபதை ஒட்டிய வயது. 2021 டிசம்பரில் தனியார் விடுதியொன்றின் உணவால் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்து தேசத்தின் கவனத்தைத் திருப்பினார்கள். அதன்பின் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியைத் தமிழ்நாடு சர்க்கார் 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். படுக்கையைக் கணக்கிட்டவர்கள் விளையாட்டையும் கணக்கிட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி திருகாணி முடுக்கி, ஒரு மணி நேரம் பஸ்ஸில் தூங்கி வரும் பெண் விடுதியில் என்ன செய்கிறாள்? கட்டிலில் சாய்ந்து செல்லைத் திறக்கிறாள். அதில் வரும் விளையாட்டு பழைய பாம்பைப் போல் சாதுவன்று. ‘இன்னும் பத்து ரூபாய் போடு’ என்று கை நீட்டிக்கொண்டே இருப்பது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளால் தமிழ்நாட்டில் எத்தனை உயிர்கள் போயின என்பது செய்தி படிப்போர் அறிந்ததே. அவற்றை முழுதும் தடுக்கப் பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில்தான் சட்டம் செய்தது. சட்டம் கதவை அடைக்கும். அறைக்குள் இருப்பவளுக்குத் தோழியரோடு ஆட ஒரு கூடம், ஓர் பந்தாட்டத் திடல், அதற்கு மிஞ்சும் ஒரு மணி நேரம் ஆகிய இவற்றை ஆலை முதலாளிகளும் சர்க்காருமே தர வேண்டும். ஊழியர் சங்கங்களும் கூலிக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. நம் தேசத் தொண்டர்கள் அப்பக்கம் போகும்போது துண்டுப் பிரசுரத்தோடு ஒரு கைப்பந்தையும் கொண்டுபோனால் வரவேற்பு அதிகமாயிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொன்றும் கேட்போம். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை வேண்டும். அங்கே செய்த செல்களில் மாதிரிக்கு ஒன்றும், செய்தவர்கள் சொல்லும் கதைகளும் அதில் இருக்கட்டும். உடையவர் சந்நிதிக்கு வருவோர் போகும் வழியில் எட்டிப் பார்ப்பார்கள். அக்கதைகளை இப்பொழுதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்; சொல்லுவோர்க்கு இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஒவ்வொரு கையுறுப்பும் நினைவிருக்கும்.

இதை எழுதுவதற்காகப் பழைய செல்லைத் தேடி எடுத்தோம். பீரோவில் ரேஷன் கார்டுகளுக்கு அடியில் கிடந்தது. பாட்டரி உப்பிப் போயிருந்தது. பிஎல் 5சி வகைப் பாட்டரி இன்றும் சிறு ரேடியோக்களுக்காக மூலைக் கடையில் விற்கிறது, வாங்கிவிட்டோம். சின்ன பின் சார்ஜருக்குத்தான் அலைச்சல். மூடிக் கிடந்த அந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2019இல் வாங்கியது சால்காம்ப் என்ற கம்பெனி. நோக்கியா இருந்த நாளிலேயே அதே வளாகத்தில் அதற்குச் சார்ஜர் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். இன்று அங்கே புதுச் செல்களுக்குச் சார்ஜர்கள் உற்பத்தியாகின்றன. நம் பழைய செல்லுக்கு அவை பொருந்தா. கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கூடையின் அடியில் ஒன்று அகப்பட்டது; விலை 40 ரூபாய். செருகியதும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் தோன்றிற்று. பாம்பைத் திறந்து உயர்ந்த புள்ளியைப் பார்த்தோம், அப்படியே இருக்கிறது. அது தன்னுடையது என்று தம்பி டெலிபோனில் அடித்துச் சொல்லுகிறான். தமக்கையார் ஊரிலிருந்து வரட்டும் என்று வைத்திருக்கிறோம்.